ரங்கூனில் நான்கு நாட்கள்



போய்வந்த ஊர் ஒன்றைப் பற்றிக் கதையுங்கோ என்று நிலையத்தில் கேட்டார்கள். பரிசையும் சுவிசையும் பற்றிச் சொல்ல எசனில் வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கிறார். அதனால் நான் ரங்கூனை எடுத்துக்கொண்டேன். இப்போதைய பெயர் யாங்கோன், நாட்டின் பெயர் மியான்மார். ஆனால் எங்கள் வயதுக்காரருக்கு பர்மா, ரங்கூன் என்றால்தான் ஊர் கண்ணுக்குள் வரும். ஆகவே அப்படியே சொல்லப்போகிறேன், குறை நினைக்கவேண்டாம்.

ரங்கூன் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அப்பாச்சியின் வாயால்தான். சோறு குழைந்துபோனால், "ரங்கூன் அரிசி எண்டால் இப்பிடியே கிடக்கும்?" என்று அலுத்துக்கொள்வா. அந்த நாளில் இலங்கைக்கு அரிசி பெரும்பாலும் பர்மாவில் இருந்துதான் கப்பலில் வந்தது. 1942 மார்ச் 8 ஆம் திகதி யப்பான்காரர் ரங்கூனைப் பிடித்ததோடு அந்த அரிசி நின்றுபோனது. கூப்பன் அரிசியும் பங்கீடும் அப்போது தொடங்கியவைதான். யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்திக்கு, தான் கண்ணால் காணாத ஒரு ஊரோடு அவ்வளவு உறவு.

2019 ஆம் ஆண்டு தை மாதம் கோலாலம்பூரில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். கலியாணம் முடிய நான்கு நாள் மிச்சம் இருந்தது. மகள்தான் இன்ரநெற்றில் மலிவு ரிக்கற் கண்டுபிடித்து, "அப்பா, ரங்கூனுக்குப் போவமா?" என்றாள். ஜேர்மன் கடவுச்சீட்டுக்கு ஐம்பது டொலர் கட்டினால் விசா மின்னஞ்சலில் வந்தது. 1985 இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்து இறங்கிய எனக்கு, விசா மின்னஞ்சலில் வருவதை இன்னும் முழுதாக நம்பமுடியவில்லை. தாளில் அச்சடித்து இரண்டு பிரதி சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். மனைவி சிரித்தா.

முதல் நாள் பழைய நகரத்துக்குள் நடந்தோம். 1852 இல் பிரித்தானியர் ரங்கூனைப் பிடித்த கையோடு, ஆற்றங்கரையில் சதுரங்கப் பலகை மாதிரி வீதிகளைக் கீறியிருக்கிறார்கள். அந்தப் பலகையின் நடுவில் சூலே பகோடா. எட்டுப் பட்டை வைத்த தங்க நிறக் கோபுரம், அதைச் சுற்றி வாகனங்கள் வட்டமடிக்கும். அந்தச் சந்தியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால் பகோடா, பள்ளிவாசல், நகரமண்டபம், ஒரு பப்ரிஸ்ற் தேவாலயம், 1911 இல் கட்டிய சிவப்புச் செங்கல் உயர்நீதிமன்றம் எல்லாம் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். கொஞ்சம் தள்ளி 26 ஆம் வீதியில் யூதர்களின் தொழுகைக்கூடமும் இருக்கிறது. தொழ ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், ஆனால் கூட்டித் துடைத்துக் கவனமாக வைத்திருக்கிறார்கள். எசனில் எங்கள் நகர நடுவில் நிற்கிற பழைய சினகோகை எல்லோருக்கும் தெரியும். 1913 இல் திறந்து 1938 இல் உள்ளே எரிக்கப்பட்டது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எரியாமல் ஒன்று முழுதாக நிற்பதைக் காண ஒரு மாதிரி இருந்தது.

ஆற்றங்கரை வீதியில் ஸ்ராண்ட் ஹொட்டேல். 1901 இல் ஆர்மேனியச் சகோதரர் கட்டியது. சிங்கப்பூரின் ராபிள்சையும் நடத்தியவர்கள் அதே குடும்பம்தான். உள்ளே ஒரு தேநீர் குடித்தோம், விலையைச் சொல்லாமல் விடுகிறேன். அங்கிருந்து உள்ளே நடந்தால் பழைய தலைமைச் செயலகம் வரும். 1947 யூலை 19 ஆம் திகதி ஆங் சானையும் அவரோடு ஆறு அமைச்சர்களையும் சுட்டுக்கொன்றது இந்தக் கட்டடத்துக்குள்தான். சுதந்திரம் கிடைக்க இன்னும் ஆறு மாதம்கூட இல்லை. கொல்லப்பட்டவர்களில் அப்துல் ரசாக் என்ற முஸ்லிம் அமைச்சரும் ஒருவர். எல்லா இனத்தையும் சேர்த்து ஒரு மேசையில் இருத்தப் பார்த்த ஆட்கள் அந்த ஒரு காலையோடு போய்விட்டார்கள். பிறகு அந்த நாடு பட்ட பாட்டுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெளி மதிலோரம் நின்று பார்க்கும்போது எனக்கு எங்கள் நாட்டு நினைவு வராமல் இல்லை.

பல கட்டடங்களில் அரசமரம் முளைத்து வேர் சுவரைப் பிளந்திருந்தது. தலைநகரத்தை நேப்பிடோவுக்கு மாற்றியபிறகு அரச அலுவலகங்கள் வெறுமையாகிவிட்டன. 2012 இல் தொடங்கிய ஒரு மரபுரிமை அமைப்பு சில கட்டடங்களில் நீலத் தகடு அடித்து வரலாறு எழுதியிருந்தது. எங்கள் சொல்வெராயின் சுரங்கமும் 1986 இல் மூடியபோது இடிக்கவேண்டிய பழைய இரும்பு என்றுதானே பலர் நினைத்தார்கள். 2001 இல் அது உலக மரபுச் சொத்து. கரித்தூளுக்குள் வேலை செய்தவனின் பெயர் அங்கேயும் குறைவு, இங்கேயும் குறைவு.

ரங்கூனைப் பொறுத்தவரை அந்த வேலைகாரன் யார்? 1931 குடிசன மதிப்பின்படி ரங்கூனில் ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர். அதில் பாதிக்கு மேல், 53 வீதமளவில், இந்தியர். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்கர், கடை வைத்த குஜராத்தியர், வங்காளிகள், தமிழர். பர்மாவின் தலைநகரத்தில் பர்மியர் சிறுபான்மை. முகல் வீதி என்று அப்போது பெயர், இப்போது சுவே பொந்தா வீதி. அங்கேதான் செட்டிமாரின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்தன. நம்மவர் என்பதற்காக இதை மறைக்கக்கூடாது: 1930 இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஆறு வீத வயல் செட்டிமார் கையில் இருந்தது. நெல் விலை விழ, விவசாயி கடனைக் கட்டமுடியாமல் காணியை இழக்க, 1937 அளவில் அது 25 வீதமாகியது. அவர்கள் காணி பிடிக்க வந்தவர்கள் அல்ல, காசு திரும்பி வந்தால் போதும் என்றிருந்தவர்கள் என்று சொல்வார்கள். சரி. ஆனால் வயலை இழந்த பர்மியக் கமக்காரனுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா? 1930 மே மாதம் துறைமுகத்தில் தொடங்கிய கலவரத்தில் செத்தது செட்டிமார் அல்ல, மூட்டை சுமந்த தெலுங்குக் கூலிகள். அடி எப்போதும் அப்படித்தான் விழும்.

பிறகு 1941 மார்கழி 23 இல் யப்பான் குண்டு. ஏறக்குறைய ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு ஓடினார்கள், பெரும்பகுதி மலையும் காடும் கடந்து கால்நடையாக. வழியில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். யுத்தம் முடியத் திரும்பி வந்து கடை திறந்தவர்களுக்கு 1964 காத்திருந்தது. 1962 இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின் 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமை ஆக்கினார். மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்றார். அதன்பிறகு சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் வெளியேறினார்கள். சென்னைக் கடற்கரைப் பக்கம் பர்மா பஜார் என்று ஒன்று இருக்கிறதே, அது அவர்கள் போட்ட கடைதான்.

நேயர்களே, அந்த 1964 ஐ ஒருமுறை நினைத்துப்பாருங்கள். அதே ஆண்டு ஐப்பசி 30 இல்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள், அந்தச் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல். வங்காள விரிகுடாவின் இரண்டு பக்கத்திலும் ஒரே ஆண்டில் தமிழனைக் கப்பலேற்ற ஆயத்தம் நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடுகளில் அதைப்பற்றி எவ்வளவு கதைத்தார்கள்? எங்கள் வீட்டில் கதைத்ததாக எனக்கு நினைவில்லை. எங்களுக்கு அது வேறு ஆட்களின் பிரச்சினை.

இரண்டாம் நாள் காளி கோயில். 1871 இல் தமிழர் கட்டியது. கொன்சேடன் வீதியில், கடைகளுக்கு நடுவில், எங்கள் ஊர்க் கோபுரம் போலவே நிறம் நிறமாகப் பொம்மைகள். பக்கத்து வீதியில் ஒரு வண்டியில் தோசை சுட்டார்கள். "தோசை" என்று நான் கேட்க, சுட்டவர் "தோஷே" என்று திருத்தினார். பர்மிய மொழியில் அது அவர்களுடைய சொல்லாகிவிட்டது. சொல் குடியுரிமை எடுத்துவிட்டது, ஆட்களுக்குத்தான் கஷ்டம் என்று மகள் சொன்னாள். அவளுக்குச் சிலநேரம் இப்படி வரும்.

மூன்றாம் நாள் பின்னேரம் சுவேடகோன். ரங்கூனுக்குப் போகிற எல்லோரும் போகிற இடம் இது. நான் மட்டும் போவதா விடுவதா என்று இரண்டு நாளாக இழுத்துக்கொண்டிருந்தேன். காரணம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 83 ஆடியில் நான் கொழும்பில் நின்றவன். காவி உடையைக் கண்டால் கால் தானாக வீதியின் மற்றப் பக்கத்துக்குப் போகிற பழக்கம் எசனிலும் கனகாலம் இருந்தது. அதுவும் 2017 இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் பங்களாதேசுக்கு ஓடிய நாடு அது. அவர்களுக்கு எதிராகப் பேசித் திரிந்த பிக்கு ஒருவரை 2014 இல் பொதுபல சேனா கொழும்புக்கே அழைத்து மேடை கொடுத்தது. இவ்வளவும் தலைக்குள் இருக்க, போய் என்ன கும்பிடுவது?

"அப்பா, கும்பிட வேண்டாம், பாருங்கோ," என்றாள் மகள். அவளும் ஒரு கதை வாசித்து வைத்திருந்தாள். 2007 இல் இராணுவ ஆட்சிக்கு எதிராக இதே சுவேடகோனில் இருந்து ஊர்வலம் போனவர்களும் பிக்குகள்தான். பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்து, இராணுவத்தானிடம் தானம் வாங்கமாட்டோம் என்று நடந்தார்கள். சூலே பகோடாவுக்குப் பக்கத்தில் சுட்டார்கள். அதைப் படம் எடுத்த யப்பானியச் செய்தியாளர் ஒருவரும் செத்தார். ஒரே உடைதான், மகள் சொன்னது சரி.

வாசலில் வீடு உயரத்துக்கு இரண்டு சிங்கங்கள். சிங்கம் என்றால் எங்களுக்கு வேறு நினைவு, அதையும் தாண்டிப் போனோம். செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கழற்றவேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். அப்போது வெளிநாட்டாருக்குப் பத்தாயிரம் சாட் கட்டணம். பிரித்தானியர் 1852 இல் இருந்து 1929 வரை இந்தக் குன்றில் படையை வைத்திருந்தார்கள், சப்பாத்தோடு ஏறித் திரிந்தார்கள். சப்பாத்தைக் கழற்று என்று பர்மியர் கேட்ட சண்டைதான் அவர்களுடைய சுதந்திரப் போராட்டத்தின் முதல் படிகளில் ஒன்று. 1825 இல் இங்கிருந்த 23 தொன் மணியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப் பார்க்க, அது ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. வெள்ளைக்காரரால் தூக்கமுடியவில்லை. பர்மியர் மூங்கில்களைக் கட்டி மிதக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். இன்றைக்கும் தொங்குகிறது.

மேலே ஏறினால் தொண்ணூற்றொன்பது மீற்றர் உயரத்துக்குத் தங்கம். பின்னேர வெயில் அதில் பட்டுத் தெறிக்கும்போது கண்ணைச் சுருக்காமல் பார்க்கமுடியாது. சுற்றிவர எத்தனையோ சிறிய கோயில்கள். சனம் வீட்டு முற்றத்தில் இருப்பதுபோல இருந்து கதைக்கிறது, சாப்பிடுகிறது, பிள்ளைகள் ஓடுகின்றன. எனக்குச் சந்நிதி முற்றம் நினைவுக்கு வந்தது.

கோபுரத்தைச் சுற்றி எட்டு இடத்தில் கிழமைக் கிரகங்களுக்கு மேடை. ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, சனிக்கு நாகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகம், அதற்கு மேலே ஒரு புத்தர் சிலை. நீ பிறந்த கிழமைக்குப் போய்ச் சிலைக்குத் தண்ணீர் வார்க்கவேண்டும். கிழமை ஏழுதானே, மேடை எப்படி எட்டு? புதன்கிழமையை இரண்டாகப் பிரித்து, மத்தியானத்துக்குப் பிறகு ராகுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பஞ்சாங்கத்திலும் புதன் ராகுகாலம் பகல் பன்னிரண்டுக்குத்தான் தொடங்கும் என்று மனைவி உடனே பிடித்துவிட்டா. மகள் புதன் பின்னேரம் பிறந்தவள், அவளுக்குக் கொம்பில்லாத யானை. மனைவி வெள்ளி, வாலில்லாத ஒரு பெருச்சாளி போன்ற பிராணி. அதில் அவவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

எனக்கு? எங்கள் ஆட்கள் பலரைப் போல எனக்கும் கடவுச்சீட்டில் ஒரு பிறந்தநாள், சாதகத்தில் இன்னொன்று. சாதகப்படி செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கு என்ன மிருகம் தெரியுமா? சிங்கம்.

நான் அந்த மேடைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மா. லுங்கி, முகத்தில் சந்தனம் போலத் தனகா, பார்த்தால் பர்மியப் பெண். நாங்கள் கதைத்ததைக் கேட்டுவிட்டு, "நீங்க தமிழா? எந்த ஊருங்க?" என்றா. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்த தமிழ். நான் யாழ்ப்பாணம் என்றேன், அவவுக்கு விளங்கவில்லை. இலங்கை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பி, "கண்டியில புத்தரோட பல்லு இருக்குல்ல? நீங்க பாத்திருக்கீங்களா? குடுத்து வச்சவங்க!" என்றா.

நேயர்களே, நான் இலங்கையில் பிறந்து இருபத்துமூன்று வயதுவரை வாழ்ந்தவன். தலதா மாளிகையைப் பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்கு இலங்கை என்றால் புண்ணிய பூமி. சரித்திரப்படி அவ சொன்னதில் பிழையும் இல்லை. 1476 இல் பர்மாவின் மொன் அரசன் பிக்குகளை இலங்கைக்கு அனுப்பி உபசம்பதை எடுப்பித்தான். 1800 அளவில், கண்டியில் சாதி பார்த்துத் தள்ளிவைக்கப்பட்டவர்கள் இலங்கையில் இருந்து பர்மாவின் அமரபுரத்துக்குப் போய்த் துறவு வாங்கித் திரும்பினார்கள். இன்றைக்கும் இலங்கையில் அமரபுர நிக்காய என்ற பெயர் அதுதான். அவவிடம் நான் என்ன சொல்வது? "இல்லை அக்கா, பார்க்கேல்லை, அங்க இருந்து வந்திட்டம்," என்றேன். "ஏன் வந்தீங்க?" என்று கேட்டா. நான் ஒரு வசனத்தில் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னா.

1964 இல் அவவுக்குப் பதின்மூன்று வயது. தகப்பனுக்கு ஒரு பலசரக்குக் கடை. ஒருநாள் காலை இராணுவம் வந்து கணக்குக் கொப்பியையும் திறப்பையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டு அண்ணன்மாரும் சென்னைக்குக் கப்பல் ஏறினார்கள். தாய்க்கு வருத்தம், படுக்கையில். அதனால் தகப்பனும் இவவும் நின்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு போகலாம் என்றுதான் நின்றது. அண்ணன்மாரைப் பிறகு காணவேயில்லை. 1982 குடியுரிமைச் சட்டம் ஆட்களை மூன்று வகையாகப் பிரித்தது. 1823 க்கு முன் வேர் இருந்தவர்கள் முழுக் குடிமக்கள். மற்றவர்களுக்கு வேறு நிற அட்டை. அவவின் அட்டை பச்சை. பெயர் இரண்டு, வீட்டுக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று. பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை காளி கோயில், விசேட நாட்களில் இங்கே. டுல்டுங் தாளோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டார் அலுவலகத்தில் வரிசையில் நின்ற எங்களுக்கு அட்டையின் நிறத்தைப் பற்றி ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

"தம்பி, ஊத்துங்க," என்று கிண்ணத்தை நீட்டினா. "வயசுக்கு மேல ஒண்ணு ஊத்தணும். முடியலன்னா அஞ்சு போதும். சிங்கம் என்ன பண்ணும், அதுவும் நம்மள மாதிரி வெயில்ல நிக்குது."

நான் ஊற்றினேன். ஐந்து கிண்ணம். புத்தருக்கா, சிங்கத்துக்கா, அந்த அம்மாவுக்காகவா என்று மனைவி அறைக்கு வந்தபிறகு கேட்டா. பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் சிலர், நீ எப்படி அங்கே தண்ணீர் ஊற்றலாம் என்று கேட்பார்கள் என்று தெரியும். கேட்கட்டும்.

நான்காம் நாள் வட்ட ரயிலில் ஏறினோம். அப்போது இருநூறு சாட்டுக்கு நகரத்தைச் சுற்றி மூன்று மணித்தியாலம், கீரைக்கட்டும் கோழியும் ஏறி இறங்கின. அதுதான் ரங்கூனில் நான் மிகவும் விரும்பிய பயணம், அதைப்பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன்.

இப்போது போகலாமா என்று கேட்பீர்கள். நான் ஒருவரையும் போகச் சொல்லமாட்டேன். 2021 பெப்ரவரி 1 ஆம் திகதி இராணுவம் திரும்ப ஆட்சியைப் பிடித்தது. நாங்கள் நின்று படம் எடுத்த சூலே சந்தியில் சனம் நிரம்பி நின்றதை இங்கே தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த அம்மாவோடு மகள் கைத்தொலைபேசியில் தொடர்பு வைத்திருந்தாள். பொங்கலுக்கும் புதுவருடத்துக்கும் படம் வரும். அது சில மாதம் நின்றுபோனது, பிறகு வந்தது.

2024 பெப்ரவரியில் இராணுவம் கட்டாய ஆட்சேர்ப்பை அறிவித்தது. ஆண்களுக்கு 18 இல் இருந்து 35 வயது வரை. அடுத்த கிழமை அந்த அம்மாவின் குரற்பதிவு ஒன்று வந்தது. நலம் விசாரிக்கவில்லை, தனகா போட்ட படமும் இல்லை. "தம்பி, என் பேரனுக்குப் பத்தொன்பது வயசு. நீங்க அப்ப எப்படி வெளிய வந்தீங்க? எவ்வளவு ஆச்சு? சொல்லுங்க."

அதை நான் மூன்று முறை கேட்டேன். 1985 இல் அம்மா காணி ஈடு வைத்து ஏஜென்சிக்குக் கட்டிய காசு, கொழும்பில் ஒரு அறைக்குள் பதினொரு நாள், கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் யாரும் ஒன்றும் கேட்காமல் விட்டது எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த வழி ஒன்றும் இப்போது இல்லை. உண்மையாகத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். காசை முழுதாக முதலில் கொடுக்கவேண்டாம், பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து வேறு ஒரு ஆளிடம் கொடுத்துவையுங்கள், தனியாக விடவேண்டாம்.

பேரன் இப்போது தாய்லாந்து எல்லையில், மே சோட் என்ற ஊரில், ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். கையில் ஒரு நிறத்திலும் அட்டை இல்லை. போன கிழமை மகளுக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்: ஜேர்மன் மொழி படிக்க எவ்வளவு காலம் எடுக்கும்? மகள் என்னைப் பார்த்தாள். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் நான் இன்னும் அலுவலகக் கடிதத்தை அவளிடம்தான் வாசிக்கக் கொடுக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தம்பி நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்.